புறப்படும் நாள்: ஒரு கவலையின் வரலாறு

விடுமுறைக்கு நான்கு மாதம் முன்பே விமானச் சீட்டு வாங்கி வைப்பது இன்று நடுத்தரக் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. சீட்டு கைக்கு வந்த நாளிலேயே ஒரு கவலையும் உடன் வந்து சேர்கிறது. காலை விமானம் மாலைக்கு மாற்றப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. அதனால் இடைவழியில் பிடிக்க வேண்டிய இரண்டாவது விமானம் தவறுமோ என்று வீடே கணக்குப் போடுகிறது. சில நாள் கழித்து, அந்த விமானமே ரத்து என்று மற்றொரு செய்தி வருகிறது. இதனை நம் காலத்துக்கே உரிய நோய் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இக்கவலை விமானத்தைவிட மூத்தது. அதன் வரலாறு கப்பல் துறையில் தொடங்குகிறது.

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் புறப்படும் நாள் என்று உறுதியாக ஒன்று இருந்ததில்லை. சரக்கு நிரம்பும்வரை கப்பல் காத்திருக்கும். நிரம்பிய பின் காற்றுக்குக் காத்திருக்கும். பயணி துறைமுக விடுதியில் கைப்பணத்தைச் செலவழித்தபடி வாரக்கணக்கில் தங்கியிருப்பார். அது துன்பந்தான், ஆயினும் வாக்குத் தவறிவிட்டதாக எவரையும் குறை கூற இயலாது, ஏனெனில் வாக்கு என்று எதுவும் தரப்படவில்லை. இந்நிலையை மாற்றியவர்கள் நியூயார்க் வணிகர் சிலர். சரக்கு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் மாதந்தோறும் குறித்த நாளில் லிவர்பூலுக்குக் கப்பல் புறப்படும் என்று 1817-இல் அவர்கள் விளம்பரம் செய்தனர். 'பிளாக் பால்' என்று பின்னர் பெயர் பெற்ற அந்தக் கப்பல் வரிசையில் 'ஜேம்ஸ் மன்ரோ' என்னும் கப்பல், 1818 ஜனவரி 5 அன்று, கொட்டும் பனியையும் பொருட்படுத்தாமல் சொன்ன நாளில் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டது. நாள் குறித்து வாக்களிக்கும் வழக்கம் அட்லாண்டிக் கடலில் இவ்வாறு வேரூன்றியது. வாக்கு பிறந்த இடத்தில், அது மீறப்படுமோ என்ற அச்சமும் பிறந்தது எனலாம்.

இரயில் அந்த நாளை மணியாகவும் நிமிடமாகவும் நறுக்கியது. 1841-இல் தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்கு இரயிலில் அழைத்துச் சென்றார். கூட்டமாகப் பயணம் செய்யும் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் கவலைக்கு முழு வடிவம் தந்தது ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்றே தோன்றுகிறது. பிரான்சில் 1936-இல் தொழிலாளர்க்கு இரண்டு வார விடுப்பைச் சட்டம் உறுதி செய்தது. பிரிட்டனில் 1938-இல் வந்த சட்டம் ஒரு வார விடுப்புக்கு வழி செய்தது. பெரும் உரிமைகள் இவை, ஐயமில்லை. எனினும் இவற்றோடு பயணத்துக்கு இரு கரைகள் அமைந்துவிட்டன. செல்வர் ஒரு நாள் பிந்தினால் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார். ஏழு நாள் விடுப்புப் பெற்றவர் ஒரு நாள் பிந்தினால் அவருக்கு எஞ்சுவது ஆறு நாளே.

விமானம் வந்தபோது தாமதத்தின் சுமை யாருடையது என்ற கேள்வியும் வந்தது. 1929-ஆம் ஆண்டு வார்சா ஒப்பந்தம், பன்னாட்டுப் பயணத்தில் தாமதத்தால் விளையும் இழப்புக்கு விமான நிறுவனமே பொறுப்பு என்றது. கூடவே, இழப்பைத் தவிர்க்கத் தேவையான நடவடிக்கை அனைத்தையும் எடுத்ததாக, அல்லது எடுக்க இயலாதிருந்ததாக மெய்ப்பித்தால் நிறுவனம் தப்பலாம் என்றும் வாசல் ஒன்றைத் திறந்து வைத்தது. ஒரு கையால் தந்து மறு கையால் எடுக்கும் இந்த வழக்கத்தைப் பின்வந்த சட்டங்களிலும் நாம் காணலாம்.

மற்றொரு சிக்கல், இருக்கும் இடத்துக்கு மேல் சீட்டு விற்பது. 1972 ஏப்ரலில் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நாடர், முன்பதிவு இருந்தும் வாஷிங்டனில் விமானத்தில் ஏற்றப்படாமல் நின்றார். இவ்வழக்கம் பயணிகளிடம் மறைக்கப்பட்டது பற்றி அவர் வழக்காடத் தடையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-இல் கூறியது. இடத்தை விட்டுத்தர விரும்புவோரைக் கேட்டு, அவர்களுக்குத் தொகை தரலாமே என்று பொருளியலறிஞர் ஜூலியன் சைமன் 1968-லேயே எழுதியிருந்தார். அரசு அமைப்பு அதனை ஏற்க 1978 வரை ஆயிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் கொண்ட ஒழுங்குமுறை 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. விமானம் ரத்தானால் தொலைவுக்கேற்ப 250, 400, 600 யூரோ என இழப்பீடு வகுக்கப்பட்டது. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் இழப்பீடு உண்டென 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் விரித்துரைத்தது. அடுத்த ஆண்டே இதற்கொரு சோதனை. 2010 ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லயோகுட் எரிமலை மீண்டும் பொங்கியது. அதன் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி பல நாள் மூடப்பட்டு, ஏறக்குறைய 1,00,000 விமானங்கள் ரத்தாயின. எரிமலை எவர் குற்றமும் அன்று. ஆகவே இழப்பீடு இல்லை. ஆனால் சிக்கிக்கொண்ட பயணிக்கு உணவும் தங்குமிடமும் தரும் கடமை எரிமலையாலும் நீங்காது என்று 2013-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரலாற்றில் சுமை சற்றே தோள் மாறிய தருணம் இது.

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010 ஆகஸ்டில் இத்தகைய விதிகளை வெளியிட்டது. 2016-இல் தொகைகள் உயர்த்தப்பட்டன. ரத்துக்கு, பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணத்துடன் எரிபொருள் கட்டணம், இவற்றுள் எது குறைவோ அது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பயணிகள் விமானங்கள் நின்றபோது, பல நிறுவனங்கள் பணத்துக்குப் பதில் வரவுக் கணக்கைக் காட்டின. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஊரடங்குக் காலத்தில் வாங்கிய சீட்டுகளுக்குப் பணத்தைத் திருப்புவது குறித்து அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது.

இவ்விதிகளில் நம் கண்ணில் உறுத்துவது ஒன்றுண்டு. ஐரோப்பிய ஒழுங்குமுறையும் நம் நாட்டு விதியும் இரண்டு வாரம் முன்னதாக அறிவித்துவிட்டால் இழப்பீடு தேவையில்லை என்கின்றன. கட்டிய பணம் திரும்பும், அல்லது மாற்று விமானம் கிடைக்கும், அவ்வளவே. ஆனால் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தவர், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு அதைப் பொருத்தியவர், அப்பால் உள்ள ஊரில் அறைக்குப் பணம் கட்டியவர், இவர்களுக்கு இரண்டு வாரம் என்பது அவகாசமே அன்று. அந்நேரத்தில் மாற்றுச் சீட்டின் விலை ஏறியிருக்கும். சட்டம் சீட்டின் விலையை அறிந்திருக்கிறது. விடுப்பின் விலையை இன்னும் அறியவில்லை.

எனவே நம் கவலை மனப்பலவீனம் அன்று. இரு நூற்றாண்டுகளாகச் சுமை நிறுவனத்தின் தோளுக்கு மெல்ல நகர்ந்தும், மிச்சம் நம்மிடமே இருக்கிறது. கவலை அந்த மிச்சத்தின் பெயர். அதனைக் குறைக்க எளிய வழிகள் சில உண்டு. தொடர் விமானங்களைத் தனித்தனியே வாங்காமல் ஒரே முன்பதிவில் வாங்கினால், முதலாவது பிந்தி இரண்டாவது தவறும்போது மாற்று ஏற்பாட்டைக் கேட்க நமக்கு உரிமை கிடைக்கிறது. திருமணம், கப்பல் பயணம் போன்று நாள் தவறக்கூடாத ஒன்றுக்குச் செல்வோர் ஒரு நாள் முன்னதாகவே சென்று சேர்வது நலம். பனியில் 'ஜேம்ஸ் மன்ரோ' புறப்படுவதைக் கண்டவர்கள், சொன்ன நாளில் ஒரு கப்பல் கிளம்புவதை வியந்திருக்கக்கூடும். நாம் வியப்பதில்லை, அது நமக்குரியது என்று எதிர்பார்க்கிறோம். அவ்வாறு எதிர்பார்ப்பதே சரி. அந்த எதிர்பார்ப்புதான் இவ்வளவு சட்டங்களையும் எழுத வைத்தது. எழுதப்படாத மிச்சத்தையும் அதுவே எழுத வைக்கும்.