பல்லைப் பார்த்து வயது

1833ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தொழிற்சாலைச் சட்டம், பெரும்பாலான நெசவாலைகளில் 9 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்தபோது, அரசின் பிறப்புப் பதிவு அங்கு இன்னும் தொடங்கியிராததால் (அது 1837இல்தான் வந்தது), வயதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மருத்துவரின் கண்ணளவுக்கு விடப்பட்டது. உயரத்தைக் கொண்டு வயதைக் கணித்தால் வளர்த்தியான சிறுவன் உரிய வயதுக்கு முன்பே ஆலைக்குள் நுழைந்துவிடுவான் என்பதால், விழுந்து முளைத்த பற்களை எண்ணுவதே நம்பத்தக்கது என்று பல் மருத்துவர் எட்வின் சாண்டர்ஸ் 1837இல் வாதிட்டார். சந்தையில் மாடு பிடிப்பவர் கையாளும் உத்தியும் இதுவே. இந்தியாவின் 1881ஆம் ஆண்டுச் சட்டமோ எல்லையை 7 வயதில் வைத்ததோடு, எந்திர விசையால் இயங்கி 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்த ஆலைகளையே கட்டுப்படுத்தியதால், வயலில் உழைத்த பிள்ளைக்கு அது எந்தக் காப்பும் தரவில்லை. ஆலைகளுக்கான அந்த வயது 14 ஆனது 1948இல்தான்.