எண்ணூர் ஆஸ்டினும் மிக்ஜாம் காரும்

எண்ணூரில் ஒரு காலத்தில் கார் தயாரானது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அசோக் லேலண்ட் என்றால் லாரியும் பஸ்ஸும்தானே என்கிறார்கள். 1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் அந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது அதற்கு அசோக் மோட்டார்ஸ் என்று பெயர். மகனின் பெயரை வைத்தார். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களை எண்ணூரில் பூட்டி, ஆஸ்டின் ஏ-40 காராக வெளியே அனுப்பினார்கள். 1955-ல் லேலண்ட் பெயர் சேர்ந்தது. பிறகு அங்கே கார் பேச்சே இல்லை, கனரக வண்டிகள்தான். ஆனால் ஏற்கெனவே விற்ற ஆஸ்டின்கள் ரோட்டில் ஓடிக்கொண்டுதானே இருந்தன? கை மாறிக் கை மாறி வந்த அந்தக் கார்களை வாங்கியவர்களுக்கு, கம்பெனி கைவிட்ட வண்டியின் ஒரு சின்ன சாமானுக்குக்கூட புதுப்பேட்டைக் கடைகளில் எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கார் மலிவாகத்தான் கிடைத்தது.

அடுத்த முப்பது வருஷமும் பழைய கார் சந்தை ஒரு விசித்திரமான சந்தை. அம்பாசடர், ஃபியட், நம் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று மூன்றே மூன்று. புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் நேற்று வாங்கிய ஃபியட்டை இன்று விற்றால் புது விலையை விட அதிகம் கிடைத்தது. சாதாரணமாக ஒரு பொருள் ஓடத் தொடங்கியதும் விலை ஏறாது. அப்படிப்பட்ட சந்தையில் வாங்குகிறவன் எதைக் கேட்க முடியும்? கீழே குனிந்து பார்த்தாலே, "வேண்டாம்னா விடுங்க சார், பின்னாடி ஆள் நிக்குது" என்பார் புரோக்கர். கூடவே "டாக்டர் ஓட்டின வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான்" என்ற வசனம். ஊரில் இருந்த டாக்டர்களை விட டாக்டர் ஓட்டிய கார்கள் அதிகம்.

அந்தக் காலத்து மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யம். ஒரு சுற்று சுற்றி வந்த காரா, இரண்டு சுற்றா என்பது கடவுளுக்கும் மெக்கானிக்குக்கும்தான் தெரியும். கேபிளைக் கழற்றி ஓட்டுவது, மீட்டரையே திருப்புவது எல்லாம் தனி. அமெரிக்காவில் இதைத் தடுக்க 1972-லேயே மத்தியச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கு மீட்டர் எலெக்ட்ரானிக். திருப்புவதற்கு ஸ்பேனருக்குப் பதில் லேப்டாப். ஆகவே மீட்டரைப் பார்க்காதீர்கள், பெடல் ரப்பரையும் ஸ்டீரிங்கையும் டிரைவர் சீட்டையும் பாருங்கள். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் கிளட்ச் பெடல் மொழுக்கென்று தேய்ந்திருக்காது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 1985-ல் ஸ்டாண்டர்ட் கம்பெனி 2000 என்று ஒரு பெரிய காரை விட்டது. மேலே ரோவர் உடம்பு, உள்ளே பழைய வான்கார்ட் காலத்து எஞ்சின். பெட்ரோல் குடித்த குடியில் மூன்றே வருஷத்தில் கம்பெனி படுத்தது. அதையும் பாதி விலைக்கு வாங்கி மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆஸ்டின் கதைதான் மறுபடியும்.

இந்தச் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவது போட்டது. 2001-ல் நோபல் பரிசு. அவர் சொன்னது இதுதான். நல்ல காரா, சொத்தைக் காரா என்பது விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாக் காருக்கும் நடுத்தர விலைதான் தர முன்வருவான். அந்த விலைக்கு நல்ல காரின் சொந்தக்காரன் விற்க மாட்டான். ஆகவே சந்தைக்கு வருவது பெரும்பாலும் சொத்தை. அகர்லாஃப் அதற்குச் சில வருஷம் முன்பு டெல்லியில் இருந்தவர்; கட்டுரையில் நம் நாட்டுக் கிராமத்து வட்டிக் கடைக்காரர்களும் வருகிறார்கள். நம் மாட்டுத் தாவணிக்கு வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் எழுதியிருப்பார். பல் பிடித்துப் பார்ப்பதும், சுழி பார்ப்பதும், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பதும் வேறு எதற்காக?

மாட்டைச் சொன்னதும் எனக்கு ரோமாபுரி நினைவு வருகிறது. அங்கே சந்தையை மேற்பார்த்த அதிகாரிகள், மாட்டையும் அடிமையையும் விற்பவன் அதன் நோயையும் குறையையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மறைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விதி போட்டிருந்தார்கள். அந்த விதி வளர்ந்துதான் 1804-ம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1641-வது பிரிவானது. பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு 'வீஸ் காஷே' என்ற சொல் பழக்கம். மறைந்திருக்கும் குறை என்று பொருள். முன்பே தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டோம், அல்லது குறைத்துக் கேட்டிருப்போம் என்கிற அளவுக்கு உள்ள குறைக்கு விற்றவரே பொறுப்பு. பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். வைத்துக்கொண்டு பணத்தில் ஒரு பகுதியைக் கேட்கலாம். கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு மட்டும் பொறுப்பில்லை. நம் நாட்டில் நடப்பது 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். ஆங்கிலேயர் வழியில், சில விலக்குகள் தவிர, வாங்குகிறவன்தான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் பிரெஞ்சுக்காரன் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது. ஆனால் கார் வாங்குவது இங்கே.

காட்டுப்பள்ளிப் பக்கம் இன்று இது பெரிய விஷயமாகிவிட்டது. எண்ணூர்த் துறைமுகத்தில் 2010 முதல் புதுக் கார்கள் வரிசையாகக் கப்பலேறி வெளிநாடு போகின்றன. அதற்குப் பக்கத்திலேயே, துறைமுகத்திலும் அனல் மின் நிலையத்திலும் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் பிள்ளைகள் சீட்டு எடுத்த பணத்தில் பழைய கார் வாங்குகிறார்கள். குடும்பத்துக்குக் கொஞ்சம், வாடகைக்குக் கொஞ்சம் என்று கணக்கு. உப்புக் காற்றில் அடிப்பலகை துருப்பிடிப்பது இங்கே சாதாரணம். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது.

அதை விட மோசம் தண்ணீர். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் எத்தனை கார்கள் முழுகின என்று நாமே பார்த்தோம். மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் வரை வந்தது. செலவு, காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் காரை முழு நஷ்டம் என்று கணக்கு முடித்து, உள்ளது உள்ளபடி ஏலம் விடும். ஏலம் எடுத்தவர்கள் எல்லோரும் உடைத்து இரும்புக்குப் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் 2024 கோடையில் பளபளவென்று ஒரு டீசல் கார் வாங்கினார். இரண்டாவது மாதம் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது. ஷெட்டில் கார்ப்பெட்டைத் தூக்கினால் கறுப்பாகச் சேறு. ஒயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் மாற்றச் சொன்ன தொகையைக் கேட்டு அவர் மனைவி, காரைக் கடலிலேயே தள்ளிவிடச் சொன்னாராம்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்திருந்தால் சேற்றுக் கோடு தெரிந்திருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பார்த்திருக்கலாம். காகிதத்திலும் ஒரு தடயம் இருக்கிறது. கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். இன்சூரன்ஸ் பாலிசிகளை வருஷ வாரியாகக் கேளுங்கள். கிளைம் இல்லாத வருஷத்துக்குப் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும்; கிளைம் வாங்கினால் பூஜ்யத்துக்கு இறங்கும். 2023 வரை ஏறிக்கொண்டிருந்த போனஸ் 2024-ல் பூஜ்யமானால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்று, அந்தப் போனஸ் ஆளுக்குத்தான், காருக்கு அல்ல. பழைய சொந்தக்காரர் கட்டிய குறைந்த பிரீமியத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

மற்றக் காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.சி.யில் எச்.பி. என்று கடன் பதிவு இருந்தால், கடன் அடைந்துவிட்டது என்ற வாய்வார்த்தை போதாது. பைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட 35-ம் நம்பர் படிவம் வேண்டும். புதுச்சேரி எண் உள்ள கார் மலிவாகத் தெரியும், அங்கே வரி குறைவு. ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். இங்குள்ள ஆயுள் வரியையும் கட்ட வேண்டும். மலிவு அங்கேயே கரைந்துவிடும். 15 வருஷம் நெருங்கிய காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. பசுமை வரி தனி.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, நம் வாசகர்களில் பலர் இப்போது வண்டியை விற்கும் வயதில் இருப்பதால். பல கை மாறியும் பெயர் மாற்றாமல் ஓடிய ஒரு கார் விபத்து செய்த வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரி 6-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. 29, 30 படிவங்களை நீங்களே நிரப்புங்கள். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி, வாங்குகிறவர் கையெழுத்தை அதன் பக்கத்திலேயே வாங்குங்கள். ஃபாஸ்டாக் உங்கள் பேங்க் கணக்கில் இருந்தால் சாவி கொடுப்பதற்கு முன்பு அதை ரத்து செய்துவிடுங்கள்.