கூறைப்புடவை முதல் லெஹங்கா வரை: பேராக் தமிழ் மணப்பெண்ணின் அலங்காரம்

ஈப்போவில் இன்று நடக்கும் ஒரு தமிழ்த் திருமணத்தில் மணப்பெண் மூன்று முறை உடை மாற்றுவது சாதாரணமாகிவிட்டது. காலையில் மணவறைக்கு வரும்போது ஒரு பட்டுப்புடவை. தாலி கட்டுவதற்கு முன் கூறைப்புடவை. இரவு விருந்துக்கு லெஹங்கா அல்லது கவுன். பதிவுத் திருமணம் வேறொரு நாளில் நடந்திருந்தால் அதற்கும் தனி உடை உண்டு.

அவளுடைய பாட்டி தோட்டத்து லயன் வீட்டு வாசலில், தென்னங்கீற்றுப் பந்தலில் மணமுடித்தபோது, விலையுயர்ந்த புடவை என்று அவரிடம் இருந்தது பெரும்பாலும் ஒன்றுதான். இந்த இரண்டு திருமணங்களுக்கும் இடையில் உடை எப்படி மாறியது, எது இன்னும் மாறாமல் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் கையில் எது மிஞ்சுகிறது என்பதைத் திருமண ஏற்பாட்டில் இருக்கும் குடும்பங்கள் அறிந்துகொள்வது நல்லது.

கூறைப்புடவை என்றால் என்ன?

பலர் இதைக் 'கூரைப்புடவை' என்று எழுதுகிறார்கள். கூரை என்பது வீட்டின் மேற்கூரை. 'கூறை' என்றால் ஆடை. தமிழ்நாட்டில் மயிலாடுதுறையை ஒட்டியுள்ள கூறைநாடு என்னும் ஊர், பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த புடவைகளுக்குப் பெயர் பெற்றது.

மாப்பிள்ளை வீட்டார் எடுத்து வரும் இந்தப் புடவையைத் தாம்பாளத்தில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசி பெறுவார்கள். பெண் அதை உடுத்தி வந்த பிறகே தாலி ஏறும். உடை எத்தனை மாறினாலும் பேராக்கில் பெரும்பாலான இந்துத் தமிழ்க் குடும்பங்கள் விடாமல் வைத்திருக்கும் முறை இது. அரக்கு, சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகியவை வழக்கமான நிறங்கள். கறுப்பை இன்றும் தவிர்க்கிறார்கள்.

'இந்திய மணப்பெண் உடை' என்று ஒரே உடையைச் சொல்லிவிட முடியாது. தெலுங்குக் குடும்பங்களில் மஞ்சள் அல்லது சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை உண்டு. மலையாளிகளுக்குக் கசவுப் புடவை. பஞ்சாபி மணப்பெண்ணின் அடையாளம் கை நிறையச் சிவப்பு வளையல்கள். இவர்கள் எல்லாரும் பேராக்கில் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள்.

தோட்டத்து மணப்பெண்

மலாயாவின் ரப்பர் வரலாற்றில் பேராக்குக்குத் தனி இடம் உண்டு. 1877ல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் கைலியும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாகப் பெரட்டுக்களத்தில் நிற்பார்கள். புடவை திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் உரியது.

துணி வியாபாரிகள் சம்பள நாள் பார்த்துத் தோட்டத்துக்கு வருவார்கள். வாங்கிய துணிக்கு மாதாமாதம் தவணை கட்டுவது வழக்கம். கல்யாணப் பட்டு எடுக்க மட்டும் ஈப்போ டவுனுக்குப் போவார்கள். இன்று லிட்டல் இந்தியா என்று அழைக்கப்படும் லகாட் சாலை வட்டாரம் அப்படித்தான் பல தலைமுறைகளுக்குப் பழக்கமானது. பின்னாளில் நைலக்ஸ் புடவைகள் வந்தன. துவைக்க எளிது, விலையும் குறைவு என்பதால் அவை வீட்டுக்கு வீடு நுழைந்தன. ஆனாலும் மணவறையில் பட்டின் இடத்தை அவை பிடிக்கவில்லை.

நகை குறைவு. தாலி, தோடு, மூக்குத்தி, முடிந்தால் ஒரு சங்கிலி. அந்தத் தங்கம் அலங்காரத்துக்கு மட்டும் வாங்கப்பட்டதல்ல. மழை பெய்தால் பால்வெட்டு நடக்காது. இலை உதிரும் மாதங்களில் பாலும் குறையும். நாள் கூலிக்காரருக்கு அப்போது கை கொடுத்தது அடகுக்கடை. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் வீட்டில் ஒரு சாவுக்கும் அதே தங்கம்தான் போய் வந்தது. மணப்பெண்ணின் நகை குடும்பத்தின் சேமிப்பாகவும் இருந்தது.

ஈப்போவில் எழுந்த சீர்திருத்தக் குரல்

ஆடம்பரத் திருமணம் பற்றிய விவாதம் புதிதல்ல. 1929 டிசம்பரில் மலாயா வந்த தந்தை பெரியார், ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டைத் தொடங்கி வைத்தார். அவருடைய சுயமரியாதை இயக்கம் புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றி, குறைந்த செலவில் நடக்கும் திருமணத்தை வலியுறுத்தியது. மலாயாவிலும் சீர்திருத்தத் திருமணங்கள் நடந்தன. அந்த மேடைகளில் மணமக்களின் எளிய உடையும் ஒரு கொள்கைதான். கடன்பட்டுக் கல்யாணம் செய்யாதே என்பது அதன் பொருள்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு

தோட்டத் துண்டாடலும், பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளானதும் குடும்பங்களை டவுனுக்கு நகர்த்தின. பந்தல் போய் மண்டபம் வந்தது. லயன் வரிசையே கூடிச் சமைத்த விருந்து போய் உணவு ஏற்பாட்டாளர்கள் வந்தார்கள்.

சட்டமும் ஒரு மாற்றத்தைக் கொண்டு வந்தது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தபின், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவு கட்டாயமானது. சிலர் கோயிலில் தாலி கட்டும் நாளிலேயே பதிவையும் முடிக்கிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்பவர்களுக்கு அது இன்னொரு உடைக்கான நாளாகிவிட்டது.

இன்றைய அலங்காரம்

இன்றைய மணவறைப் பெண்ணின் தலையில் நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, சடைநாகம், இடையில் ஒட்டியாணம், மேல்கையில் வங்கி. சிவப்புக் கெம்புக் கல் பதித்த இந்தக் கோயில் நகைகள் பரதநாட்டிய மேடையில் பழகியவை. நாகர்கோவில் வடசேரி இவற்றின் செய்முறைக்குப் பெயர் பெற்ற இடம். பழமையாகத் தோன்றும் இந்த முழு அலங்காரம் தோட்டத்துப் பாட்டிமாரின் கல்யாணப் படங்களில் அரிது.

ரவிக்கையில் ஆரி வேலைப்பாடு இன்று பெரிய செலவு. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணியும் சரிகையும் கோக்கும் கைவேலை அது. தைக்கக் கொடுக்கும்போதே உள்பக்கம் கூடுதல் துணி விடச் சொல்வது நல்லது. உடம்பு மாறினாலும் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

லெஹங்கா வட இந்தியாவிலிருந்து சினிமா வழியாக வந்தது. அழகானது, ஆனால் கனமானது. ஒரு விருந்துக்குப் பிறகு அலமாரியை விட்டு வெளியே வருவது குறைவு. அதனால் வாடகைக்கு எடுப்பது பரவி வருகிறது. கோயில் நகைகளிலும் கவரிங் செட்டை வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. இதில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஒரு நாள் தேவைக்கு ஒரு நாள் செலவு.

சிக்கல் வருவது ஒரு நாள் தேவைக்குப் பல ஆண்டுக் கடன் வாங்கும்போதுதான். வாங்குவதைப் பட்டியல் போடும்போது, 'அன்றோடு முடிவது', 'பெண்ணிடம் நிலைப்பது' என்று இரண்டாகப் பிரித்து எழுதினால் குடும்பத்துக்கு நிலைமை தெளிவாகும். தாலியும் 916 தங்கமும் கூறைப்புடவையும் இரண்டாவது பக்கம் சேரும். கல் நகையை விற்கும்போதும் அடகு வைக்கும்போதும் கல்லின் எடையைக் கழித்தே மதிப்பிடுவார்கள், செய்கூலியும் திரும்பி வராது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பட்டு வாங்கும்போது

காஞ்சிபுரம் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருந்தால், இரண்டையும் நெய்யும்போதே பின்னி இணைப்பார்கள். இதற்குக் கோர்வை என்று பெயர். நல்ல சரிகை, பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது. ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். வெறும் பிளாஸ்டிக் இழை தெரிந்தால் அது போலி. பட்டு நூலை எரித்தால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் கையில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாகும். இந்தியாவிலிருந்து வரும் புடவைகளில் பட்டுக்கான சான்று முத்திரையான 'சில்க் மார்க்' அட்டை இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

பெட்டியில் இருக்கும் புடவை

இந்நாட்டின் ஈரக்காற்று பட்டுக்கு எதிரி. பூஞ்சை பிடிக்கும், சரிகை கறுக்கும். பிளாஸ்டிக் பையில் வைக்காமல், துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்திலேயே பட்டு கிழியும். பாச்சை உருண்டை சரிகையில் படக்கூடாது. வாசனைத் திரவியத்தைப் புடவை மேல் நேராக அடிக்கக்கூடாது.

பழைய பட்டைச் சரிகைக்காக எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். உடல் நைந்திருந்தாலும் கரையும் முந்தானையும் நன்றாக இருந்தால் அவற்றைப் புது ரவிக்கையில் சேர்த்துத் தைக்கலாம். நல்ல நிலையில் இருந்தால் காலையில் மணவறைக்கு வரும் முதல் புடவையாகவே அதை உடுத்தலாம். புதிய ரவிக்கையும் இன்றைய மடிப்பும் சேர்ந்தால் பழசு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தோட்டங்கள் பல பெயர்ப்பலகை கூட இல்லாமல் மறைந்துவிட்டன. அங்கே பால் வெட்டிய கூலியில் வாங்கிய புடவை ஒன்று தாயின் பெட்டியிலோ பாட்டியின் பெட்டியிலோ இருந்தால், கடைக்குக் கிளம்பும் முன் அதை எடுத்துப் பெண்ணிடம் காட்டுவது நல்லது. யாருடையது, எந்தத் தோட்டத்தில் கட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.