நீரோ என்றால் கருப்பன்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் நாய்களுக்கு வைத்த பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் மூன்று தலைமுறைகள் தெரிந்துவிடும். தாத்தா காலத்து நாய்கள் கருப்பன், வெள்ளையன், செவலை. அப்பா காலத்தில் மணி, டைகர், ஜிம்மி, டாமி. இப்போது வீட்டுக்கு வரும் குட்டிக்குப் பெயர் தேடுகிறவர்கள் சீசர், ரோமியோ, புரூனோ, நீரோ என்று இத்தாலிப் பக்கம் போகிறார்கள். மக்காச்சோளக் கொல்லையில் காவல் கிடக்கிற நாய்க்கும் இத்தாலிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் இத்தாலியில் நாய்க்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பார்த்துவிடலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா என்பவர் வேளாண்மை பற்றி லத்தீனில் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை எழுதினார். ஸ்பெயினில் பிறந்து இத்தாலியில் நிலம் வைத்துப் பயிர் செய்தவர். ரோமானியச் சரக்கு அரிக்கமேட்டில் வந்து இறங்கிக்கொண்டிருந்ததும் அதே நூற்றாண்டில்தான். அந்த நூலின் ஏழாம் பகுதியில் நாய் வளர்ப்பு வருகிறது. கொல்லைக் காவலுக்குக் கருப்பு நாய் நல்லது, பகலில் திருடன் பார்த்தாலே பயப்படுவான், இருட்டில் அவன் கண்ணுக்கே படாது என்கிறார். ஆட்டுக்கிடைக்கு வெள்ளை நாய் வேண்டும், விடியற்காலை மங்கலில் ஓநாய் என்று நினைத்து அதை அடித்துவிடக் கூடாது என்கிறார். பெயருக்கும் ஒரு கணக்கு சொல்கிறார். கூப்பிட்ட உடனே காதில் விழவேண்டும், அதனால் பெயர் நீளக் கூடாது. இரண்டு அசைக்குக் குறையவும் கூடாது. அவர் தரும் பட்டியலில் பெண் நாய்க்கு ஒரு பெயர் திக்ரிஸ். லத்தீனில் அதற்குப் புலி என்று பொருள். நம் ஊர் டைகர்தான் அது. இங்கிலீஷ் படித்தவர் வைத்த பெயர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு இரண்டாயிரம் வருஷ வயசு.

சீசர் நமக்கு நேராக ரோமிலிருந்து வரவில்லை, இங்கிலாந்து வழியாகத்தான் வந்தது. ஆங்கிலேயர்களுக்கு ரோமானியப் பேரரசர்களின் பெயரை நாய்க்கு வைப்பதில் தனி மோகம். ஏழாம் எட்வர்டு மன்னர் வளர்த்த டெரியர் நாயின் பெயர் சீசர். 1910 மே மாதம் மன்னரின் சவ ஊர்வலம் லண்டனில் போனபோது, சவப்பெட்டி வண்டிக்குப் பின்னால் அந்த நாய் நடந்தது. அதற்குப் பின்னால்தான் ஐரோப்பிய அரசர்கள் வந்தார்கள். அவர்களில் ஜெர்மனியின் கெய்சரும் ஒருவர். கெய்சர் என்ற பட்டமே சீசர் என்ற பெயரின் ஜெர்மன் உருவம். நாய் சீசர் முன்னால், மனித சீசர் பின்னால். துரைமார் பங்களாவிலிருந்து அந்தப் பழக்கம் நம் திண்ணைக்கு வந்தது. பேரரசனின் பெயர் சொல்லி ‘டேய், சோறு தின்ன வாடா’ என்று அதட்டுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

இனி அரியலூர். கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சி. வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகே 1680இல் பிறந்த கோன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி இங்கே வந்து தங்கினார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் கொடுத்தார், அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அரியலூர் பாளையக்காரர் அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவையைக் குணப்படுத்தி நிலம் பெற்றார் என்று இன்றும் அந்த வட்டாரத்தில் சொல்வார்கள்.

பெயர் விஷயத்தில் அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். கோன்ஸ்தான்சோ என்றால் நிலைகுலையாதவன். அந்த ஒலியைத் தமிழில் இழுத்துக்கொண்டு திரியாமல், பொருளை எடுத்துத் தைரியநாதர் ஆனார். பிறகு அதுவும் வடமொழியாக இருக்கிறதே என்று வீரமாமுனிவர் என்றானது. தேம்பாவணியிலும் இதே வழிதான். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரில் பெருக்கம் என்ற பொருள் உண்டு, அவர் வளன் ஆனார். யோவான் என்பதில் இறைவனின் கருணை இருக்கிறது, அவர் கருணையன் ஆனார். 3615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தில் வேற்றுநாட்டுப் பெயர்கள் வேற்றுநாட்டுப் பெயர்களாகவே தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய ஏட்டுச்சுவடிகளில் எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் இரண்டுக்கும் வடிவ வேறுபாடு கண்ணில் படாது. குறிலுக்கு மேலே புள்ளி வைக்கவேண்டும் என்பது இலக்கணம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நெடிலுக்குத் தனி வடிவமும், நெடிலைக் காட்ட இரட்டைக் கொம்பும் கொடுத்துக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். இத்தாலியப் பெயர்களில் பாதி ஓகாரத்தில்தான் முடிகின்றன. ரோமியோ என்ற பெயரில் மட்டும் இரண்டு இரட்டைக் கொம்புகள். நாயின் கழுத்துப்பட்டையில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போது, அதைப் பிழையில்லாமல் எழுத வழி செய்தவரும் ஒரு இத்தாலியர்தான்.

அவர் வழியில் நம் நாய்ப் பெயர்களைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். நீரோ என்றதும் நமக்கு ரோம் எரியும்போது பிடில் வாசித்ததாகச் சொல்லப்படும் பேரரசன் நினைவுக்கு வருகிறான். ஆனால் இன்றைய இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கருப்பு என்று பொருள். அங்கே ஒரு விவசாயி தன் கருப்பு நாயை நீரோ என்று கூப்பிட்டால் அவர் சொல்வது கருப்பன். புரூனோ என்றால் பழுப்பு, அதாவது நம் செவலைக்குப் பக்கத்து வீடு. பியான்கா என்றால் வெள்ளச்சி. லூப்போ என்றால் ஓநாய். கருப்பன் என்பது பட்டிக்காட்டுப் பெயர், வேண்டாம் என்று கூகுளில் தேடி நீரோ வைத்தவர், தாத்தா வைத்த பெயரையே இத்தாலி வரைக்கும் போய் வாங்கி வந்திருக்கிறார்.

அப்படியானால் நேராகக் கருப்பன் என்றே வைத்துவிட்டுப் போகலாமே? அங்கேதான் சிக்கல். நம் ஊரில் கருப்பன் வெறும் நிறம் இல்லை. காவல் தெய்வத்தின் பெயர், மனிதர்களின் பெயர். அதுவும் யாருடைய பெயராக இருந்தது? நிலம் இல்லாதவர்கள், பண்ணையில் வேலை செய்தவர்கள் பலருடைய பெயர். வேலைக்காரரின் பெயரையே நாய்க்கும் வைத்து, அவர் எதிரில் அதைக் கூப்பிட்டு ரசித்த வீடுகள் உண்டு. கேட்டால், ‘நாயைத்தான கூப்பிட்டேன், உன்னையா கூப்பிட்டேன்?’ என்று பதில் வரும். ஆங்கிலேயர் அதற்கும் ஒரு படி மேலே போனார்கள். இந்தியத் தெருநாய்க்கே பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து ‘பரையா டாக்’ என்று பெயர் வைத்துப் புத்தகங்களிலும் எழுதினார்கள். அந்தச் சொல் இன்னும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. பரியேறும் பெருமாள் படத்தில் கருப்பி என்ற பெயர் அத்தனை பேரை அழவைத்ததற்குக் காரணம், அங்கே அந்தப் பெயர் பாசத்தோடு வைக்கப்பட்டது என்பதுதான். ஒரே பெயர் ஒரு வாயில் செல்லம், இன்னொரு வாயில் வசை.

ஆகவே நீரோவையும் சீசரையும் வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. தெருவில் உரக்கக் கூப்பிட்டால் எந்த மனிதனும் தன்னைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கமாட்டான். அக்கம்பக்கத்தில் யாருக்கும் வலிக்காது. நமக்கு இத்தாலியப் பெயரின் உண்மையான பயன் அதுதான் என்று நினைக்கிறேன்.

மனிதரைப் புண்படுத்தாமல் நாய்க்குத் தமிழிலேயே பெயர் வைக்கவும் நம்மால் முடிந்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. எஜமானின் பெயரோடு நாயின் பெயரும் கல்லில் நிற்கிறது.

இத்தாலியிலும் அப்படி ஒரு நாய் உண்டு. பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே ஒரு தொழிலாளி வளர்த்த ஃபீதோ, தினமும் சாயங்காலம் அவர் வரும் பேருந்துக்காக நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருக்கும். 1943 டிசம்பரில் குண்டுவீச்சில் அவர் செத்துப்போனார். 1958இல் தான் சாகும்வரை, 14 வருஷம், அது அந்த நிறுத்தத்துக்குப் போய்வந்தது. போர்கோ சான் லொரென்சோ ஊர்க்காரர்கள் அது உயிரோடு இருக்கும்போதே அதற்குச் சிலை வைத்தார்கள். விசுவாசம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் ஃபீதோ. இரண்டே அசை, கொலுமெல்லாவின் கணக்குக்குச் சரியாக வருகிறது.

குட்டிக்குப் பெயர் தேடுகிறவர் ஃபீதோ என்று வைக்கலாம், கோவிவன் என்றும் வைக்கலாம். கோவிவன் கூப்பிடக் கொஞ்சம் நீளம்தான். இரண்டு நாள் கூப்பிட்டால் அதுவே கோவி என்று சுருங்கிவிடும்.