சோர்வும் துணையும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுக்கத்தை உரியதாக்கிய பழந்தமிழ் இலக்கண மரபு, கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலை உரிமையாக்கிற்று. கடல்மேற் சென்றவன் மீளும்வரை கரையிலே காத்திருப்போரின் ஏக்கம் அச்சொல்லில் அடங்கியுள்ளது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலோ, அழுகை பிறக்கும் இடங்கள் இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என நான்காகும் என்று வகுத்துக் காட்டியது. துயரத்துக்குக் காரணம் உண்டு என்பதும், அதனை ஆராய்ந்து அறியலாம் என்பதும் தமிழருக்குப் புதிய செய்திகள் அல்ல.

அந்நான்கையும் அறிந்த நெய்தற் கரைகளுள் ஒன்று உடப்பு. புத்தளம் மாவட்டத்திலே, சிலாபத்துக்கு வடக்கே, களப்புக்கும் கடலுக்கும் இடையே அமைந்த தமிழ் மீனவர் ஊர் அது. இராமேசுவரக் கரையிலிருந்து தம் முன்னோர் வந்து குடியேறினர் என்பது அவ்வூர் மக்களின் மரபுச் செய்தி. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று வீசும்போது மேற்குக் கரையிற் கடல் கொந்தளிக்கும். அக்காலத்திலே கரைவலைத் தொழில் தளரும், வருவாய் சுருங்கும். தொழிலை நம்பிய மனிதனுக்குக் கை ஓய்ந்திருக்கும் நாட்களே கவலை மிகும் நாட்கள்.

இக்கவலையைத் தனியொருவன் தலையிற் சுமத்தாத வழக்கங்கள் சில அவ்வூரில் வளர்ந்திருந்தன. கரைவலையை ஒருவன் தனித்து இழுக்க இயலாது. இரு பக்கக் கயிற்றையும் பலர் பற்றி நிற்பர். ஒருவர் அம்பாப் பாடலை எடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடி இழுப்பர். பாட்டின் தாளமே இழுப்பின் தாளம். பாடுபவனின் களைப்பும் கவலையும் மற்றவர் குரலோடு கலந்துவிடும். கயிற்றைப் பிடிக்க ஒருவன் வராதிருந்தால், அதனை அனைவரும் அன்றே அறிவர்.

மற்றொன்று கோயில். உடப்பிலே ருக்மணி சத்தியபாமா சமேத பார்த்தசாரதியும் திரௌபதை அம்மனும் எழுந்தருளியுள்ளனர். கடல் சீறும் ஆடி மாதத்திலேதான், பாரதக் கதையைத் தழுவி நடைபெறும் பெருவிழாவும் தீமிதிப்பும் வருகின்றன. தொழில் ஓய்ந்த காலத்தை விழா நிரப்புகின்றது. ஊர் ஒன்று கூடுகின்றது.

பார்த்தசாரதி என்ற திருநாமத்திலே ஆழ்ந்த பொருள் ஒன்று உண்டு. பார்த்தனுக்குத் தேரோட்டிய கண்ணனின் பெயர் அது. பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ச்சுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்பது மனச்சோர்வு. வில்வித்தையில் ஒப்பற்ற வீரனின் அங்கம் தளர்ந்தது, வாய் உலர்ந்தது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது, அவன் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்டான். அவனைக் கோழையென உலகம் சொன்னதில்லை. கண்ணன் முதலில் அவனைச் சிறிது கடிந்துகொண்டான். அக்கடிந்துரையால் அவன் எழவில்லை. அதன் பின்னர் நிகழ்ந்த நெடிய உரையாடலே அவனை எழுப்பிற்று. சோர்ந்தவனை ஏசுவதால் ஆவது ஒன்றுமில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

எனினும், துயரம் வேறு, நோய் வேறு. அன்புக்குரியவர் மறைந்தபோது அழுவது இயற்கை. அது காலத்தால் ஆறும். மனச்சோர்வு நோயோ இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனத்தை அழுத்தி நிற்கும். முன்னர் விரும்பிய எதிலும் விருப்பம் இராது. உறக்கமும் உணவும் குலையும். சிறு வேலையும் மலையாகத் தோன்றும். தான் எதற்கும் பயனற்றவன் என்ற எண்ணம் வேரூன்றும். வாழ்வே வேண்டாம் என்ற நினைவும் சிலருக்கு எழும். 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 28 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர். இதனைச் சோம்பல் என்பதும், பேயின் பிடி என்பதும் அறியாமை. விழாவும் பாட்டும் ஆறுதல் தரும்; ஆயினும் நோய்க்கு மருத்துவமும் வேண்டும்.

அம்மருத்துவம் இலங்கைக்கு வந்த வழி கரடுமுரடானது. 1847இல் கொழும்பு பொறளையில் மனநோயாளருக்கெனத் தனி விடுதி அமைந்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் காவலில் வைப்பதையே பெரிதும் கருதியது. 1920களில் அங்கொடையிற் பெரிய மருத்துவமனை எழுந்தது. விரைவிலே அது நிரம்பி வழிந்தது. நோயுற்றவன் ஊரிலிருந்து அகற்றப்பட்டான். ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. அந்த ஏளனத்துக்கு அஞ்சித் தம் துன்பத்தை மறைத்தவர் எத்தனை பேர்!

1937இல் இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்ட் மபோதர் இலங்கைக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார். விடுதியில் அடைக்காமலே நோயாளரைப் பார்க்கும் சிகிச்சை நிலையம் 1939இல் கொழும்புப் பொது மருத்துவமனையிலே தொடங்கிற்று. 1957இல் சுவிற்சலாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்பிரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டார். மருந்தாற் குணப்படுத்தக்க நோய் இது என்ற நம்பிக்கை அதனால் வலுப்பெற்றது. துன்புற்றோரின் சொல்லைக் கேட்பதற்கென்றே சுமித்ரயோ அமைப்பு 1974இல் இலங்கையிலே தோன்றியது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கொண்ட சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் மனநலக் கொள்கை, சிகிச்சையை மக்கள் வாழும் இடங்களுக்கே கொண்டு செல்ல வேண்டும் என்று வகுத்தது. ஊரிலிருந்து அகற்றப்பட்டவனை ஊருக்கே மீட்கும் முயற்சியாக இவ்வரலாறு திரும்பியிருக்கின்றது.

இத்திருப்பம் வீண்போகவில்லை என்பதற்கு இந்தியாவின் கோவாக் கரையில் ஒரு சான்று உண்டு. அங்கே, மருத்துவப் பட்டம் பெறாத, ஆயினும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், கடுமையான மனச்சோர்வுற்றோருடன் சில வாரங்கள் உரையாடினர்; அவர்கள் கைவிட்ட சிறு சிறு செயல்களை மீண்டும் தொடங்கத் துணைநின்றனர். 2017இல் லான்செற் மருத்துவ இதழில் வெளிவந்த முடிவின்படி, மூன்று மாதங்களில் இவ்வுதவி பெற்றவருள் 64 வீதத்தினர் நோய் தணிந்திருந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவருள் 39 வீதத்தினரே அந்நிலையை அடைந்தனர். கயிற்றை மீண்டும் பற்றச் செய்வதும் பக்கத்தில் ஒருவர் நிற்பதும், அம்பாப் பாடல் அறிந்த கரைகளுக்குத் தெரிந்த நெறியேயாகும்.

இலங்கைக் கரைகள் பலவற்றிலே கரைவலையை இயந்திரமும் இழுக்கத் தொடங்கிற்று. இயந்திரம் இழுக்கும் இடத்தில் வராதவன் யார் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே அக்கடமை அயலவரைச் சேர்கின்றது. பல நாட்களாக வாசலுக்கு வராதவரை நாடிச் செல்வது, அறிவுரை கூறுமுன் அவர் சொல்வதைக் கேட்பது, மருத்துவரிடம் செல்லும்போது உடன் செல்வது ஆகியன எவர்க்கும் இயலும். நாடு முழுவதற்குமான 1926 என்னும் மனநலத் தொலைபேசி எண்ணும் இலங்கையில் உண்டு. வில் நழுவிய வீரனுக்கும் ஒரு தேரோட்டி வேண்டியிருந்தது. துணையை நாடுவது இழிவாகாது. துணையாக நிற்க மறுப்பதே இழிவு.