ஒரு மண்டலமும் பன்னிரண்டு வாரமும்: மும்பையில் முடக்குவாத மருந்துத் தொடர்ச்சியும் இனப் பகுப்பின் போதாமையும்

முடக்குவாத நோயாளிகள் மருந்தை ஏன் இடையில் நிறுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு இன அடிப்படையில் விடை தேடும் ஆய்வுகள் மேலைநாடுகளில் பெருகியுள்ளன. அவற்றுள் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, பர்மிங்காம் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஒப்பாய்வு. மருந்து குறித்த நம்பிக்கைகளை அளக்க ராப் ஹார்னும் அவருடைய குழுவினரும் 1999இல் அமைத்த வினாநிரலை அவர்கள் பயன்படுத்தினர். மருந்துகள் பொதுவாகத் தீங்கானவை, மருத்துவர்கள் அவற்றை அளவுமீறி எழுதித் தருகிறார்கள் என்ற எண்ணம் வெள்ளைப் பிரித்தானியரைவிடத் தெற்காசிய வழியினரிடம் மிகுதி என்று கண்டனர். அந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘தெற்காசியர்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லால் மும்பையில் எதையும் விளக்க முடியாது. இங்கே எல்லோரும் தெற்காசியர்.

தாராவியின் பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், கும்பார்வாடாவில் சக்கரம் சுழற்றும் சௌராஷ்டிரக் குயவர்கள், சரிகைப் பூவேலை செய்யும் உத்தரப்பிரதேச முஸ்லிம்கள், மராத்தியர், கோளிகள் எல்லோரும் அதற்குள் அடங்குகிறார்கள். நோய்க்கு இவர்கள் இடும் பெயர்களே வேறு. தமிழர் ‘முடக்குவாதம்’ என்றும் பழைய வழக்கில் ‘சரவாங்கி’ என்றும் சொல்வதை மராத்தியர் ‘சந்திவாத்’, ‘ஆமவாத்’ என்பர். இந்தி, உருது பேசுவோர் ‘கட்டியா’ என்பர். பெயர் மாறினாலும் மருந்தைப் பற்றிய அச்சம் மாறுவதில்லை. தமிழர் ‘சூடு’ என்பதைத்தான் இந்தி பேசுபவர் ‘கரம்’ என்கிறார், மராத்தியர் ‘உஷ்ணதா’ என்கிறார். இனத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைக்க வேண்டிய நம்பிக்கை, ஒரே சந்தில் மூன்று மொழிகளில் புழங்குகிறது.

இனி ஒரே இனத்தை எடுத்துக்கொள்வோம். மாட்டுங்காவில் ஓய்வுபெற்ற தமிழர், செம்பூர் அணுசக்தி நகர்க் குடியிருப்பில் வாழும் தமிழர், தாராவித் தமிழர், சீத்தா கேம்ப் தமிழர் ஆகிய நால்வரும் ஒரே மொழி பேசுகிறார்கள். ஒரே வகைப் பத்தியத்தைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் மருந்து கைக்கு வரும் வழி நால்வருக்கும் வேறு. அணுசக்தித் துறை ஊழியருக்கு மாதச் சந்தாவில் மருத்துவத் திட்டமும் துறையின் சொந்த மருத்துவமனையும் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியிலிருந்து 1976இல் அகற்றப்பட்டு சீத்தா கேம்ப்பில் குடியேற்றப்பட்டவர்களுக்கு அது கிடையாது. மாட்டுங்காக்காரர் தனியார் மருத்துவரை முன்பதிவு செய்து பார்க்கிறார். தாராவிக்காரர் சயான் மாநகராட்சி மருத்துவமனையில் காலையிலேயே கேஸ் பேப்பர் வரிசையில் நிற்கிறார். அன்றைய கூலி போகிறது. இவர்களை ஒரே கட்டத்தில் ‘தமிழர்’ என்று குறித்துவிட்டு மருந்துத் தொடர்ச்சியைக் கணக்கிட்டால், அந்தக் கணக்கு எதை அளக்கிறது?

மருந்தின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடக்குவாதத்தின் முதன்மை மருந்தான மெத்தோட்ரெக்சேட் வலிநிவாரணி அன்று. வாரத்தில் ஒரே நாள் மட்டும் உண்ண வேண்டும். நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இடையிடையே இரத்தமும் கல்லீரலும் சோதிக்கப்பட வேண்டும். துணையாகத் தரப்படும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரையாகவே இருப்பதால் இரண்டும் மாறிப்போவதுண்டு. மாத்திரைப் பட்டையிலோ எழுத்து ஆங்கிலம்.

சித்த மருத்துவத்தின் கால அளவு தமிழர் மனத்தில் ஆழப் பதிந்தது. மருந்து என்றால் ஒரு மண்டலம், அதாவது 48 நாள். அதற்குள் குணம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். 48 நாள் என்பது ஏழு வாரத்துக்கும் குறைவு. மெத்தோட்ரெக்சேட்டை ஒரு மண்டலம் நம்பிக்கையோடு உண்டு பார்த்து நிறுத்துபவர், பலன் தொடங்கும் வாசலிலேயே திரும்பிவிடுகிறார். இதை அறியாமை என்று நான் எழுத மாட்டேன். 48 நாள் புளியையும் நல்லெண்ணெயையும் விலக்கிப் பத்தியம் காப்பவரிடம் இல்லாத ஒழுங்கு வேறு யாரிடம் இருக்கும்? அவருக்குத் தேவைப்பட்டது “இந்த மருந்துக்கு இரண்டு மண்டலம் பொறுங்கள்” என்ற ஒரு வாக்கியம்.

‘இங்கிலீஷ் மருந்து’ என்ற ஐயத்துக்கும் ஒரு விடை உண்டு. இம்மருந்து 1940களில் உருவானது அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். புற்றுநோய்க்காகப் பிறந்த மருந்து இது. மெடிக்கல் கடையில் யாரோ “இது கேன்சர் மாத்திரையாச்சே” என்று சொன்ன அன்றே பட்டையைத் தூக்கியெறிந்தவர்கள் எல்லா மொழியிலும் உண்டு. முடக்குவாதத்துக்கு எவ்வளவு சிறிய அளவு தரப்படுகிறது என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தச் சொல் அவ்வளவு கொடிதாக விழுந்திருக்காது.

வேலை நேரத்தின் பங்கு இன்னும் பெரியது. காலை நேர விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. தாராவியில் இட்லி அவித்து விற்கும் குடும்பங்களின் பெண்கள் விடியுமுன் எழ வேண்டியவர்கள். விரல் மடங்காத கையோடு மாவுப் பாத்திரத்தைத் தூக்க வேண்டிய ஒருத்திக்குப் பன்னிரண்டு வாரம் கழித்து வரும் பலன் எட்டாத தொலைவு. இன்று கை மடங்கியாக வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை அதை ஒரே நாளில் செய்துவிடுகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எலும்புத் தேய்வும் பின்னால் வருகின்றன. கும்பார்வாடாக் குயவரும் பூவேலைக்காரரும் இதே வழியில்தான் போகிறார்கள். விரலால் பிழைப்பவர்களுக்கு விரல் நோய் வந்தால் நேர்வது இதுதான். இதில் இனம் எங்கே வருகிறது?

நோயாளியின் நம்பிக்கைக்குத் தொடர்பே இல்லாமல் மருந்து நின்றுபோன காலமும் உண்டு. 2020 மார்ச்சில், கொரோனாத் தடுப்புக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினை மருத்துவப் பணியாளர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணிக்குழு பரிந்துரைத்தது. மூட்டுநோயாளிகள் ஆண்டுக்கணக்கில் உண்டுவந்த அந்த மாத்திரைக்குக் கடைகளில் தட்டுப்பாடு வந்தது. ஏப்ரலில் அதே மாத்திரையைத் தாராவியிலும் வொர்லியிலும் முன்தடுப்பாகத் தர மாநகராட்சி திட்டமிட்டு, பிறகு நிறுத்திவைத்தது. அந்த வாரங்களில் மாத்திரை கிடைக்காமல் இடைவெளி விட்டவரை வினாநிரலின் எந்தக் கட்டத்தில் குறிப்பது?

பண்பாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பது என் வாதமன்று. ரமலான் நோன்பு, சிராவண விரதம், கோடை விடுமுறையில் குலதெய்வக் கொடைக்காகத் திருநெல்வேலிக்குப் போகும் பயணம் எல்லாம் மருந்தை இடையில் அறுப்பவைதான். ஆனால் இவை முன்பே நாள் தெரிந்த நிகழ்வுகள். கேட்டால் நோயாளியே தேதி சொல்வார். ஊருக்குப் போகுமுன் இரண்டு மாத மாத்திரை சேர்த்துக் கொடுத்தால் அந்த இடைவெளி வராது.

இதே தாராவியில் காசநோயாளி மருந்தை விட்டால் சுகாதாரத் தன்னார்வப் பெண் வீடு தேடி வருகிறாள். அவருக்கு அட்டை உண்டு, பதிவேடு உண்டு, இலவச மருந்து உண்டு. காசநோய் பரவும், முடக்குவாதம் பரவாது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம். அந்த ஏற்பாட்டில் வளர்ந்த பயிற்சியும் ஆட்களும் இங்கே இருக்கும்போது, மூட்டுநோயாளி மட்டும் தன் இனத்தின் பெயரால் குற்றம் சுமப்பது நியாயமில்லை.

ஆகவே மும்பையில் இத்துறையில் ஆய்வு செய்வோரிடம் ஒரு வேண்டுகோள். மதம், மொழி, சாதி என்று குறிக்கும் அதே படிவத்தில், மருந்து நின்ற நாளையும், அன்று நோயாளி எந்த வேலையில் இருந்தார், மருந்தை எங்கே வாங்கினார், எந்த மொழியில் அவருக்கு விளக்கப்பட்டது என்பதையும் குறியுங்கள். மெத்தோட்ரெக்சேட் பட்டையின் மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று அவர் படிக்கும் மொழியில் இன்றே எழுதிக் கொடுங்கள்.