வார்டு தேர்தல் நடக்காத 28 ஆண்டுகள்

தோழர்களே, வடசென்னையின் தேர்தல் வரலாறு என்றால் ராயபுரத்தில் யார் ஜெயித்தார், திருவொற்றியூரில் யார் தோற்றார் என்றே பேசுகிறோம். ஓட்டே போட முடியாத ஆண்டுகளையும் நாம் எண்ண வேண்டும்.

1973இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. ஏறக்குறைய 23 ஆண்டுகள் அதிகாரிகளே ஆண்டார்கள். இதற்கிடையில் 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலையும் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைப்படி இடங்களையும் கட்டாயமாக்கியது.

2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகளும் சென்னையோடு இணைந்தன. 2016இல், பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாக இல்லை என்ற வழக்கில் தேர்தல் அறிவிப்பு ரத்தானது. குறையைத் திருத்தி உடனே நடத்தியிருக்கலாம். 2022 பிப்ரவரி வரை இழுத்தார்கள். இடையில் டெல்லிக்கும் கோட்டைக்கும் ஓட்டுப் போட்டோம். ஆனால் 2020 கொரோனாவில் ராயபுரம் மண்டலம் தவித்தபோது, கதவைத் தட்டிக் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை.

எம்எல்ஏ இருக்கிறாரே என்பார்கள். தெருவிளக்குக்கும் குப்பைக்கும் பதில் சொல்ல வேண்டியது மாநகராட்சி.

2022இல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. வடசென்னையின் ஆர். பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். தேர்தல் நடந்ததால்தான் அந்த ஒதுக்கீடு உயிர்பெற்றது. தேர்தல் இல்லையேல் ஒதுக்கீடு வெறும் காகிதம்.

அந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த தேர்தல் ஒருநாளும் தள்ளிப்போகாமல் பார்ப்பது நம் வேலை.